மதுரா லீட் ஃபைனல்

“வெண்மதி பேரைப் போடுங்க சார்.”

கயல்விழி இதைக் கேட்டபோது விஸ்வேஸ்வரன் கீபோர்டை மூடியிருந்த துண்டை எடுத்து உதறிக்கொண்டிருந்தார். உதறல் பாதியில் நின்றது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த ஸ்டுடியோவில் அவளைச் சேர்த்த அன்றைக்கு அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். சம்பளம் கூடக் கேள், லீவு கேள், ஏசியைக் கூட்டச் சொல், தப்பில்லை. பேர் மட்டும் கேட்காதே. உனக்கென்றும் கேட்காதே, அடுத்தவருக்கென்றும் கேட்காதே. பேர் கேட்டவர்கள் யாரும் இந்தத் தொழிலில் மறு வருஷம் இருந்ததில்லை.

“எந்தப் பாட்டுக்கு?” தெரியாதவர் போலக் கேட்டார்.

“தேர்ப் பாட்டுக்கு. ஆனித் திருமஞ்சனத்துக்கு யூடியூப்ல விட்டோமே, அதுக்கு. ‘பாடியவர் மதுரா’ன்னு இருக்குல்ல? பக்கத்துல வெண்மதின்னு போடணும். ஒரு வார்த்தை. ஒரு நிமிஷ வேலை.”

மூலையில் தான் வாசிக்கும் ரிதம் பேடுக்கு ஒயர் சொருகிக்கொண்டிருந்த சிலம்பரசன் தலையைத் தூக்கினான். “போச்சுடா. மழை மட்டுந்தான்னு நெனச்சேன். இடியும் சேந்துல்ல வருது.”

“நீ சும்மா இரு” என்றார் விஸ்வேஸ்வரன். பிறகு அவளிடம், “பதினோரு மணிக்கு சூர்யநாராயணன் பொண்ணு மதுராவோட வர்றாரு. அடுத்த பாட்டு, மார்கழிப் பாட்டு. இன்னிக்குப் போயி இதைக் கேக்குறியே?”

“இன்னிக்குத்தான் சார் கேக்கணும். சாயந்தரத்தோட அவளுக்கு முடிஞ்சிடும்.”

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பின்தெருவில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது அந்த ஸ்டுடியோ. இரண்டே அறை. முன்னறையில் கம்ப்யூட்டர், உள்ளறையில் மைக், நடுவில் கண்ணாடி. அம்மன் பாட்டு, கட்சிப் பாட்டு, கல்யாண வீடியோ பாட்டு, காதுகுத்துப் பாட்டு என்று ஊருக்கு எந்தப் பாட்டு வேண்டுமோ அது அங்கே தயாராகும். வெளியே ஐப்பசி மழை மூன்றாம் நாளாகக் கொட்டியது. துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். காலையிலேயே விளக்குப் போட வேண்டிய இருட்டு.

கயல்விழிக்குக் குறிஞ்சிப்பாடிப் பக்கம். கரும்பு வெட்டும் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கி இயற்பியல் படித்தாள். பட்டம் வாங்கியதும் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாம், “கவர்மெண்டு வேல எப்போ?” என்றார்கள். கம்ப்யூட்டரில் பாட்டுப் போடும் வேலை என்று அவள் சொன்னதை அவர்கள் சினிமா கொட்டகை வேலை என்று எடுத்துக்கொண்டார்கள். அவளும் திருத்தவில்லை. அம்மா புஷ்பவள்ளி மட்டும் ஒவ்வொரு தடவை அவள் கிளம்பும்போதும் சொல்லி அனுப்புவாள்: “வாயக் கட்டுடி. போற எடத்துல மூஞ்சியில அடிச்சாப்புல பேசாத.” அது ஒன்றைத்தான் கயலால் படிக்க முடியவில்லை.

அவள் வருவதற்கு முன்னால் ஸ்டுடியோ கம்ப்யூட்டர் ஒரு குப்பைமேடு. ‘புதுசு’, ‘புதுசு இரண்டு’, ‘ஃபைனல்’, ‘ஃபைனல் ஓகே’, ‘ஃபைனல் ஓகே இதான்’ என்று ஃபைல்கள் கிடந்தன. எது எந்தப் பாட்டு என்று விஸ்வேஸ்வரனுக்கே தெரியாது. எலெக்‌ஷன் பாட்டு கேட்ட ஆளுக்குக் காதுகுத்துப் பாட்டை அனுப்பிவிட்ட கதையைச் சிலம்பரசன் இன்னும் சொல்லுவான். “அவுரும் அதையே ஜீப்புல போட்டுக்கிட்டு ஊர் ஊராப் போனாரு மச்சான். ஜெயிச்சுட்டாருல்ல!”

கயல் வந்த ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினாள். போனில் பார்த்துப் பார்த்துக் கற்ற வேலை. ஒவ்வொரு பாட்டையும் வெறும் பக்கத்திலிருந்து தொடங்காதே, ஒரு மாதிரியைத் தயாராக வைத்துக்கொண்டு அதிலிருந்து தொடங்கு என்றாள். தாளத்துக்கு மஞ்சள், தந்திக்குப் பச்சை, குரலுக்குச் சிவப்பு. பெயரில்லாத ட்ராக் ஒன்றுகூட இருக்கக் கூடாது. தினமும் புது எண் போட்டுச் சேமிக்க வேண்டும். ஒரு வரியைப் பாடகர் பத்துத் தடவை பாடினால் பத்திலும் நன்றாக வந்த சொற்களைப் பொறுக்கி ஒன்றாக ஒட்டி, ஒட்டியதை ஒரே துண்டாக்கி, அதற்குப் பெயர் எழுதி, மிச்சத்தை அழித்துவிட வேண்டும். அழித்தால்தான் ஹார்ட் டிஸ்க் மூச்சு விடும், கம்ப்யூட்டர் திணறாது. மூன்று வாரம் இழுத்த பாட்டு ஐந்து நாளில் முடிந்தது. விஸ்வேஸ்வரன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “எல்லாம் நம்ம கயலு சிஸ்டம்” என்று சொல்லிக்கொண்டார். அந்த வார்த்தையில் அவளுக்குக் கொஞ்சம் தலை கனத்தது உண்மைதான்.

வெண்மதியை அங்கே கொண்டுவந்ததும் கயல்தான். ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில். துணி துவைக்கும் கல்லடியில் அவள் பாடினால் மூன்று மாடியிலும் சன்னல் திறக்கும். படிப்பு முடித்துச் சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தவளை, ட்ராக் பாட வா என்று கயல் கூப்பிட்டாள். ட்ராக் என்றால் வழிகாட்டிக் குரல். பாட்டு எப்படிப் போகிறது என்று பெரிய பாடகருக்குக் காட்டுவதற்காக முன்னால் ஒருத்தர் பாடிவைப்பது. பாடகர் வந்து பாடி முடித்ததும் அதைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். எறியத்தான் பாடுகிறோம் என்று தெரிந்தேதான் வெண்மதி பாடினாள்.

தேர்ப் பாட்டில் நடந்தது ஒரு முட்டாள்தனம். அந்த முட்டாள்தனம் கயலுடையது.

பாட்டு யாருக்கோ அவருடைய குரலுக்கு ஏற்ற சுருதியை முதலில் பிடித்துவிட்டுத்தான் மற்ற எதையும் தொட வேண்டும். இது ஊரறிந்த பாலபாடம். ஆனால் மதுராவுக்குக் கல்லூரித் தேர்வு, வர ஒரு மாதமாகும் என்றார்கள். வெண்மதி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள். அவள் குரலுக்கு ஆறு கட்டை. சரி, வேலை நடக்கட்டும், நேரம் மிச்சம் என்று கயல் ஆறு கட்டையிலேயே எல்லாவற்றையும் அடுக்கினாள். புதுச்சேரியிலிருந்து குழல்காரரும் வயலின்காரரும் வந்து அதே சுருதியில் வாசித்துவிட்டுப் போனார்கள். ஒரு மாதம் கழித்து மதுரா வந்து மைக் முன்னால் நின்றாள். பல்லவி பாடினாள். நல்ல குரல்தான், ஆனால் அதற்குக் கீழே, நாலரைக் கட்டைக் குரல். சரணம் மேலே ஏறும் இடத்தில் குரல் கிழிந்தது. பதினான்கு தடவை பாடினாள். பதினான்கு தடவையும் கிழிந்தது.

சுருதியை இறக்கினால் குழலையும் வயலினையும் மறுபடி வாசிக்க வைக்க வேண்டும். திருமஞ்சனத்துக்கு எட்டு நாள் இருந்தது.

“வெண்மதி ட்ராக் இருக்குல்ல?” என்றார் விஸ்வேஸ்வரன். “ஏறுற எடத்துல மட்டும் அடியில லேசா வெய்யி.”

லேசாக வைத்தாள். ஒரு சொல். அப்புறம் ஒரு வரி. அப்புறம் மதுராவின் குரல் இடையில் வருவதுதான் உறுத்தியது. சரணம் முழுக்க வெண்மதியாகிவிட்டாள். ஒட்டு தெரியாமல் மூச்சை மூச்சோடு பொருத்தி, இரண்டு குரலுக்கும் ஒரே எதிரொலி போட்டு, பதினேழு இடத்தில் வெட்டி ஒட்டினாள். முடித்துவிட்டுக் கேட்டபோது அவளுக்கே எது யார் என்று பிடிபடவில்லை. அந்த வேலையைப் போல ஒரு வேலை அவள் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. பெருமையாகக்கூட இருந்தது. அதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. சிதம்பரத்தில் ஆட்டோ ஆட்டோவாக ஓடியது. வெண்மதி அதை முதலில் கேட்டது ஜெராக்ஸ் கடைக்கு எதிரே நின்ற மினி பஸ்ஸில். கயலிடம் ஒன்றும் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கயல் அவளைப் பார்க்கப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

கடையில் கூட்டம். ஆதார் கார்டும் ரேஷன் கார்டுமாக வெண்மதி மாற்றி மாற்றி நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தவள், கயலைப் பார்க்காமலே பேசினாள்.

“சுப்புரத்தினம் சார் குழுவுல ஆள் எடுக்குறாங்கன்னு போனேன்டி. மார்கழி, தை ரெண்டு மாசமும் கச்சேரி. பல்லவி முடிச்சு சரணத்துக்குப் போனேன். கையக் காட்டி நிறுத்திட்டாரு.”

“ஏன்?”

“‘நல்லாத்தான் பாடுற. ஆனா அந்தத் தேர்ப் பாட்டுப் பொண்ணு மாதிரியே பாடுற. அசலா அவளேதான். காப்பி அடிக்கிறவங்கள மேடையில நிறுத்த முடியாதும்மா. உன் சொந்தக் குரலைக் கண்டுபுடிச்சுட்டு வா’ன்னாரு.” வெண்மதி சிரித்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. “கண்டுபுடிக்கணுமாம். எங்கடி போயித் தேடுறது? போலீஸ்ல எழுதிக் குடுக்கவா?”

“அவருகிட்ட சொல்லலியா?”

“என்னான்னு சொல்றது? அந்தப் பாட்டே நான் பாடினதுன்னா? பைத்தியம்னுவாரு. ‘வெள்ளிக்கெழம சாயந்தரம் வரைக்கும் பாப்பேன், அதுக்குள்ள வேற மாதிரி பாடிக் காட்டுனா பாக்கலாம்’னு அனுப்பிட்டாரு.” மூடியை அழுத்தினாள். பச்சை வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போனது. “கயலு, சரணம் என் குரல்தானடி?”

யார் மூஞ்சியிலும் அடித்தாற்போலப் பேசுகிற கயல்விழி, அன்றைக்குச் சொன்னது இதுதான்: “தெரியலடி. ப்ராஜெக்ட்டைத் தொறந்து பாத்துட்டு சொல்றேன்.”

அன்றிலிருந்து ஐந்து நாள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

“சார், யூடியூப்ல அவ பேரு ஒரு வரி இருந்தா போதும். போனைக் காட்டி ‘பாருங்க, நான்தான்’னு சொல்லிடுவா. மதுரா பேரை எடுக்கச் சொல்லல. கூட ஒண்ணு சேக்கச் சொல்றேன்.”

விஸ்வேஸ்வரன் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும்.

“அந்தப் பாட்டைத் தொற.”

திறந்தாள். மஞ்சளும் பச்சையுமாக வரிகள் இறங்கின. நடுவில் சிவப்பில் ஒரே ஒரு வரி, முதலிலிருந்து கடைசி வரைக்கும் ஒரே துண்டாக. அதன் மேல் அவள் கையாலேயே எழுதிய பெயர்: ‘மதுரா லீட் ஃபைனல்’.

“இதுல வெண்மதி எங்கம்மா?”

“பழைய எண்ணுல இருக்கும் சார்.” அவசரமாக மூன்றாம் எண்ணைத் திறந்தாள், பிறகு ஐந்தை, ஏழை. எல்லாவற்றிலும் வெண்மதி என்ற பெயர் இருந்தது. பெயருக்கு எதிரே அலையே இல்லாத சாம்பல் பட்டைகள். ஆடியோ கிடைக்கவில்லை என்று மெஷின் சொன்னது. எத்தனை எண் போட்டுச் சேமித்தாலும் குரல்கள் கிடப்பது ஒரே பெட்டியில். அந்தப் பெட்டியை அவள் துப்புரவாகக் கூட்டிவிட்டிருந்தாள். வெளி டிஸ்க்கைச் சொருகினாள். கூட்டிய பிறகுதான் நகல் எடுக்க வேண்டும் என்பதும் அவள் போட்ட சட்டம்தான். அங்கேயும் சாம்பல்.

ஞாயிற்றுக்கிழமை வந்ததுமே இதை ஏன் திறந்து பார்க்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்ததால்தான்.

“பாத்தியா? நீ வெச்ச பேருதான் இருக்கு. நான் ஒண்ணும் வெக்கல” என்றார் விஸ்வேஸ்வரன். குரலில் கேலி இல்லை. “இதைக் கேளு. மெட்ராஸ்ல பதினெட்டு வருஷம் கீபோர்டு வாசிச்சேன். நான் போட்ட டியூனுக்கு எவன் எவன் பேரோ வந்திச்சு. அதே டியூனை நான் ஒரு கல்யாணத்துல வாசிச்சா, ‘சினிமாப் பாட்டா, ஓகே’ன்னு கூட்டம் கைதட்டுச்சு. என்னா, செத்தா போயிட்டேன்? சிதம்பரத்துல வீடு இருக்கு, இங்க கடை இருக்கு. விட்டுத் தள்ளு. அந்தப் பொண்ணுக்கு நாலு ட்ராக் ஜாஸ்தியாக் குடுத்துடலாம்.”

“மறுபடியும் எறியறதுக்கா?”

வாசலில் கார் சத்தம் கேட்டது. விஸ்வேஸ்வரன் எழுந்து படி பக்கம் போனார்.

கயல் சிலம்பரசன் பக்கம் திரும்பினாள். “அண்ணே, நீங்க இருந்தீங்கல்ல அன்னிக்கு? நான் ஒட்டினப்போ கேட்டீங்கல்ல?”

“கேட்டேன்.”

“சுப்புரத்தினம் சார் உங்களுக்குப் பழக்கந்தானே? போன்ல ஒரு வார்த்தை சொல்லுங்க.”

சிலம்பரசன் ஒயரைச் சுருட்டினான், பிரித்தான், திரும்பச் சுருட்டினான். “குரல் யாருதுன்னு எனக்குத் தெரியும் கயலு. தெரியாதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா எங்கியும் வந்து சொல்லுன்னு கூப்புடாத. மார்கழில ஒம்பது கச்சேரி, அத்தனையும் விஸ்வேஸ்வரன் சார் கைகாட்டினது. பிள்ளைய இங்கிலீஷ் மீடியத்துல போட்டுட்டேன்.”

அவனைத் திட்ட வேண்டும் போல இருந்தது. திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

சூர்யநாராயணன் குடையைப் படியிலேயே விரித்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். சிதம்பரத்தில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். குரலிலேயே ஒரு வரவேற்பு உண்டு. “என்னாம்மா கம்ப்யூட்டர்! நம்ம பாட்டுதான் போ, மேல வீதியில நாலு ஆட்டோ நின்னா மூணுல அதான் ஓடுது. கடைக்கு வர்றவங்கல்லாம் ‘உங்க பொண்ணா, உங்க பொண்ணா’ங்குறாங்க. எங்க அம்மா கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.”

அவருக்குப் பின்னால் மதுரா நின்றாள். பத்தொன்பது வயது. ஈரத் தலையைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே கயலைப் பார்த்தாள், உடனே பார்வையை மாற்றிக்கொண்டாள்.

“ட்ராக் பாட வெண்மதி வந்துட்டாளா?” விஸ்வேஸ்வரன் கேட்டார்.

“கூப்புடல சார்.”

ஒரு கணம் அவளை முறைத்தார். பெரியவர் முன்னால் முகத்தைச் சட்டென்று மாற்றிக்கொண்டு, “சரி, பாப்பாவே நேரா பாடட்டும். பின்னாடி பாத்துக்கலாம். வாங்க சார், கீழ சூடா ஒரு காபி சாப்ட்டுட்டு வந்துடலாம். சிலம்பு, நீயும் வாடா” என்றார்.

பின்னாடி பாத்துக்கலாம். அந்த ஸ்டுடியோவில் நடந்த எல்லா அயோக்கியத்தனமும் அந்த இரண்டு சொல்லில்தான் தொடங்கியது என்று கயலுக்குத் தோன்றியது.

மூன்று பேரும் இறங்கிப் போனார்கள். அவள் மார்கழிப் பாட்டைத் திறந்து, ரெக்கார்டை ஓடவிட்டு, மதுராவை உள்ளறைக்குக் கூட்டிப் போனாள். பாடகர் மைக் அருகே போவதற்கு முன்பே பதிவை ஓடவிட்டுவிடுவது அவள் வழக்கம். பதிகிறது என்று தெரியாதபோதுதான் சிலர் நன்றாகப் பாடுவார்கள். மைக்கின் உயரத்தைச் சரிசெய்தாள். ஹெட்ஃபோனை நீட்டினாள். மதுரா வாங்கவில்லை.

“அக்கா. அந்த வெண்மதி அக்கா இன்னிக்கு வரலையா?”

“வரல.”

“அப்போ மேல போற எடம் யாரு பாடுவா?”

கயல் திருகாணியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“எனக்குத் தெரியும்க்கா” என்றாள் மதுரா. குரல் ரொம்ப இறங்கியிருந்தது. “பாட்டு வந்த அன்னிக்கே மொட்டை மாடியில போயிப் பாடிப் பாத்தேன். வரல. எத்தினி தடவ பாடினாலும் வரல. சரணம் என்னுது இல்ல. காலேஜ் ஃபங்ஷன்ல பாடச் சொன்னாங்க, தொண்ட கட்டிருக்குன்னு மாத்திர கூட போட்டு நடிச்சேன். இன்னும் எத்தினி தடவ தொண்ட கட்டும்?”

“உங்க அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியாதுக்கா. சொல்லிடாதீங்க. பாட்டிய ஆஸ்பத்திரியில வெச்சிருந்தப்போ தலமாட்டுல அதையேதான் போட்டு வெச்சிருந்தாரு. சொல்லிடாதீங்கக்கா, ப்ளீஸ்.”

கயல் ஹெட்ஃபோனை அவள் தலையில் மாட்டிவிட்டாள். “பயிற்சிக்கு மியூசிக் வரும். கேட்டுக்கிட்டு இரு” என்று சொல்லிவிட்டு முன்னறைக்கு வந்து உட்கார்ந்தாள்.

திரையில் சிவப்பு வரி நீண்டுகொண்டிருந்தது. அதில் சின்னச் சின்ன அலைகள், பேச்சின் அலைகள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எல்லாம் பதிந்திருந்தது.

பதிவை நிறுத்தி, தன் ஹெட்ஃபோனில் கேட்டாள். ‘சரணம் என்னுது இல்ல.’ உடைந்தாலும் தெளிவாக இருந்தது. எந்தக் கோர்ட்டுக்கும் போதும். சுப்புரத்தினத்துக்கு நாலு நொடி போட்டுக் காட்டினால் போதும். வெண்மதி இன்றைக்குச் சாயந்தரமே மேடைக்கு ஆள். பையிலிருந்து பென்டிரைவை எடுத்துச் சொருகினாள். முன்னாலும் பின்னாலும் வெட்டினாள். ‘பாட்டிய ஆஸ்பத்திரியில’ என்பதை எடுத்துவிட்டாள். ‘சொல்லிடாதீங்கக்கா’ என்பதை எடுத்துவிட்டாள். எடுத்தது தெரியாமல் ஓரத்தைத் தேய்த்தாள். கை பழகிய கை. அரை நிமிஷத்தில் வேலை முடிந்தது.

இதற்கு என்ன பெயர் என்று மெஷின் கேட்டது.

‘மதுரா’ என்று அடித்தாள். அன்றைக்கு வெண்மதியின் குரலுக்கு மேல் இதே பெயரை அடித்ததும் இதே கைதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு, காதில் ஓடும் தாளத்துக்கு விரலால் தொடையில் தட்டிக்கொண்டிருந்தாள். இங்கே நடப்பது எதுவும் அவளுக்குக் கேட்காது. கேட்காது என்பதுதான் அந்தக் கண்ணாடியின் வேலை.

கயல் அழித்தாள். துண்டை அழித்தாள், முழுப் பதிவை அழித்தாள், அழித்தது போய்க் கிடக்கும் இடத்தையும் காலி செய்தாள். மனசு லேசாகவெல்லாம் இல்லை. எரிந்தது. கையில் கிடைத்த ஒரே சாட்சியைத் தானே கொன்றுவிட்டாள். மூஞ்சி தெரியாத யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டினாள். பிறகு போனை எடுத்தாள்.

“வெண்மதி, சுப்புரத்தினம் சார் எத்தினி மணி வரைக்கும் இருப்பாரு?”

“அஞ்சு, அஞ்சரை. ஏன்டி? பாத்தியா? என் குரல்தானா?”

“ஆமாண்டி. சரணம் முழுக்க நீதான். வெட்டி ஒட்டினது நான். ஞாயித்துக்கெழம கேட்டப்போ தெரியலன்னு சொன்னது பொய்.”

எதிர்முனையில் ஜெராக்ஸ் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. யாரோ, “ரெண்டு பக்கமும் எடும்மா” என்றார்கள். வெண்மதி போனை வைத்துவிட்டாள். வைக்கட்டும். வைக்க வேண்டியதுதான்.

மூன்று பேரும் மேலே வந்தபோது கயல் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். பை தோளில் இருந்தது.

“என்னா, பாப்பா பாடிடுச்சா?” என்றார் சூர்யநாராயணன்.

“இன்னும் இல்ல சார். இந்தப் பாட்டு ஆறு கட்டையில இருக்கு. பழைய மாதிரியில தொடங்கினதால அப்படியே வந்துடுச்சு. நாலரைக்கு எறக்கச் சொல்லுங்க. குழல், வயலின் எதுவும் இன்னும் பதியல, இப்போ எறக்கினா பத்து நிமிஷ வேலை. உங்க பொண்ணுக்கு அதான் சுருதி. அதுல நல்லா பாடும்.”

“ஆறு கட்டையிலதானம்மா போன பாட்டு அவ்ளோ நல்லா பாடுச்சு?”

மதுரா கண்ணாடிக்குப் பின்னால் கண்ணைத் திறந்திருந்தாள். கயல் அவளைப் பார்க்கவில்லை. “போன பாட்டுல சுருதியத் தப்பா வெச்சது நான் சார். எந்தப் பொண்ணோட தப்பும் இல்ல.”

பெரியவர் விளங்காமல் விஸ்வேஸ்வரனைப் பார்த்தார். விஸ்வேஸ்வரன் வாயெல்லாம் சிரிப்பாக, “ஒண்ணும் இல்ல சார், டெக்னிக்கல் சமாச்சாரம், நீங்க உக்காருங்க” என்று சொல்லிவிட்டு, அவளுக்குப் பின்னாலேயே படிக்கு வந்தார். சிரிப்பு அங்கே இல்லை.

“எங்க போற?”

“சிதம்பரம்.”

“போயி?”

“சரணம் வெண்மதி பாடினது, மதுரா பேருல ஒட்டினது நானுன்னு சுப்புரத்தினம் சார்கிட்ட சொல்லப் போறேன்.”

“ஆதாரம் கேப்பான். என்னாத்தக் காட்டுவ? சாம்பலையா?”

“அவளைப் பாடச் சொல்லுவேன். பக்கத்துல நின்னுக்கிட்டு, எங்க வெட்டினேன், எங்க ஒட்டினேன், எந்த மூச்சு யாருதுன்னு சொல்லுவேன். பதினேழு எடம். மறக்கல. நம்புனா நம்பட்டும்.”

“லூசாடி நீ?” முதல் முறையாக அவருக்குக் குரல் உயர்ந்தது. “அவன் நம்புனா இன்னும் மோசம். அடுத்தவ குரலைத் திருடி ஒட்டுனவன்னு உன் பேருதான் ஊரெல்லாம் போவும். கடலூர்ல மட்டும் இல்ல, பாண்டிச்சேரி, விழுப்புரம், எந்த ஸ்டுடியோவுல உன்னை உள்ள வுடுவான்? படிச்ச பொண்ணுதான நீ? யோசிச்சியா?”

“யோசிச்சாச்சு சார்.”

“அம்மாவுக்கு என்னா பதில் சொல்லுவ?”

செருப்பைத் தேடினாள். சூர்யநாராயணனின் குடையிலிருந்து வடிந்த தண்ணீரில் அது ஊறிக்கொண்டிருந்தது. காலில் மாட்டிக்கொண்டாள்.

“கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு மேசை டிராயர்ல சீட்டுல எழுதியிருக்கு. மாதிரி ஃபைலுல சுருதிய மாத்தி வெச்சிருக்கேன். இனிமே யாரு பாடப் போறாங்களோ அவுங்கள மொதல்ல கூப்புட்டு சுருதியப் புடிங்க. அப்புறமா மத்தது.”

“கயலு, மத்தியானத்துக்குள்ள வந்துடு. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்க மாட்டேன்.”

அவள் படியிறங்கத் தொடங்கியிருந்தாள். மேலே கதவு சாத்தப்பட்டது. அதற்கப்புறம் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு சத்தமும் கேட்கவில்லை. மருந்துக்கடை வாசலில் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. கடைக்காரர், “பஸ்ஸு ஓடுதான்னு தெரியலம்மா, புவனகிரிகிட்ட ரோட்ல தண்ணி ஏறிடுச்சாம்” என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டு, துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, பேருந்து நிலையத்தைப் பார்த்து நடந்தாள்.